கயிறு பொய் சொல்லாது

அத்தியாயம் ஐந்து

போன அத்தியாயத்தில் தேடிய பூனை கிடைத்துவிட்டது. பக்கத்துத் தெருவில் வேறு பெயரில் வாழ்ந்துகொண்டு இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு வந்திருக்கிறது. அதைப் பிடித்துக் கொடுத்ததில் இரண்டு வீட்டுக்காரர்களும் எங்களைத் திட்டியதுதான் மிச்சம். அதனால் அன்று காலை எங்கள் துப்பறியும் நிலையத்தில் வேலை எதுவும் இல்லை. அண்ணி ஜன்னலோரமாக உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் சுளைகளை எண்ணாமல் தின்றுகொண்டிருந்தேன்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. துப்பறிவது அவர், பை தூக்குவது நான். இந்தத் தொழில் எதற்கு என்று அண்ணன் ஆரம்பத்தில் முணுமுணுத்துப் பார்த்தான். வீட்டில் அவன் எதை எங்கே ஒளித்தாலும் மறுநாளே சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிடுவதைக் கண்டபிறகு முணுமுணுப்பு நின்றுவிட்டது.

கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மா உள்ளே வந்தார். கழுத்தில் அளவு டேப், விரல் நுனிகளில் ஊசி குத்திய தழும்பு. தையல்காரர் என்று கண்டுபிடிக்க அண்ணி தேவையில்லை, நானே போதும். உட்காரச் சொன்னதும் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"என் நிலம் திருடு போயிடுச்சுங்க. ஆனா வேலி அப்படியே இருக்கு."

அண்ணி ஆரஞ்சைக் கீழே வைத்தார். அப்படி அவர் வைத்தால் வழக்கு பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

தையல்காரம்மா சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் அவர் அழுகைக்கு நடுவே சொன்னார். அவர் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு காலி மனை. அதைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, விருப்பப்பட்டவர்கள் காய்கறி போடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கயிறு, எல்லாக் கயிறும் ஒரே நீளம். ஒவ்வொன்றிலும் சம தூரத்தில் முடிச்சுகள். முடிச்சுக்கு முடிச்சு ஒரு கம்பு ஊன்றி இழுத்துக் கட்டினால் ஒரு தோட்டம். வருடத்துக்கு ஒருமுறை கம்பு, கயிறு எல்லாவற்றையும் பிடுங்கி மொத்தமாக உழுது, மறுபடியும் நட்டுவிடுவார்கள். வாசலில் ஒரு பலகை இருக்கிறது: கயிறு குறையக் கூடாது, முடிச்சு நகரக் கூடாது. கட்டடம் கட்டிய நாளிலிருந்து அவர்களுக்கு அதுதான் சட்டம்.

இந்த வருடம் உழுது முடித்துக் கயிறு கட்டியதும், தையல்காரம்மா தன் நிழல்வலையை விரிக்கப் போயிருக்கிறார். நாற்றுக்கு வெயில் படாமல் இருக்கத் தோட்டத்தின் அளவுக்கு அச்சாக அவரே தைத்த பச்சை வலை. போன வருடம் வரைக்கும் கச்சிதமாக உட்கார்ந்த வலை இப்போது உட்காரவில்லை. பார்த்தால் இடது பக்கத்துத் தோட்டத்தின் கம்பு அவர் மண்ணுக்குள் வந்து நிற்கிறது. ஆத்திரத்தில் எல்லார் முன்னாலும் இடது பக்கத்துக்காரரைத் திருடன் என்று சொல்லிவிட்டார்.

"இடது பக்கத்துக்காரர் யாரு?" என்று கேட்டேன்.

"என் சம்பந்தி" என்றார்.

மகளை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறார். ஒரே கட்டடம், ஒரு மாடி வித்தியாசம். இன்று மாலை குடியிருப்போர் கூட்டம். சம்பந்தியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் தோட்டத்தை விட்டுக் கொடுக்க வேண்டும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். தோட்டம் போனால் போகட்டும் என்றார் தையல்காரம்மா. அவரைக் குத்தியது வேறு.

"மாமாகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வாம்மா, அதுவரைக்கும் இங்க வராதேன்னு என் பொண்ணு சொல்லிட்டா. கதவைப் பாதி திறந்து வெச்சுக்கிட்டு சொன்னா. நான் பொய் சொல்லலைங்க. நிலம் குறைஞ்சிருக்கு. செய்யாததுக்கு எப்படி மன்னிப்பு கேக்கறது?"

அந்தப் பாதிக் கதவு எனக்கும் கஷ்டமாக இருந்தது. அண்ணி பையை எடுத்து என் தோளில் மாட்டினார்.

கட்டடத்தின் பின்பக்கம் போனோம். தோட்டங்கள் மதில் சுவரை ஒட்டி வரிசையாக இருந்தன. அவற்றுக்கும் கட்டடத்துக்கும் நடுவே நீளமாக ஒரு நடைபாதை. பாதையின் கடைசியில் புதுத் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, பூட்டியிருந்தது. தோட்டச் சாமான் அறை என்று எழுதியிருந்தது. நாங்கள் மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து போனோம். இந்தப் பாதையில்தான் போன வருடம் வரை தினமும் காலையில் சம்பந்தி பூவாளியோடு எதிரே வருவார், யார் ஒதுங்குவது என்று முறைத்துக்கொண்டு நிற்போம், ஒருவர் பின்னால் போனால்தான் இன்னொருவர் போக முடியும் என்று தையல்காரம்மா சொன்னார். அண்ணி ஒரு கணம் நின்று, எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். பிறகு நடந்தார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. எனக்கு எதுவுமே அப்போது உறைக்காது, அதற்காகத்தான் என்னைப் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

செயலாளர் எதிரே வந்தார். தேய்த்த சட்டை, தேய்த்த சிரிப்பு. துப்பறிகிறவர்கள் வந்தது தனக்கு மிகவும் சந்தோஷம் என்றார். கம்புகளை யார் ஊன்றியது என்று அண்ணி கேட்டார். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், பாவம், அதனால் தானே ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்று ஊன்றியதாகச் சொல்லி, நெற்றியைத் துடைத்துக் காட்டினார். பிறகு தையல்காரம்மாவின் கயிற்றை விரலால் தடவியபடி சுற்றி வந்தார். அறுபடவில்லை, ஒட்டுப் போடவில்லை, முடிச்சுகள் கம்பில் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

"பார்த்துக்குங்க. ஆளுங்க பொய் சொல்லுவாங்க. கயிறு பொய் சொல்லாது" என்றார்.

நானும் டேப் வைத்து நாலு பக்கமும் அளந்தேன். நாலும் சமம். சம்பந்தியின் தோட்டத்தையும் அளந்தேன். அதுவும் அப்படியே. அண்ணி, இது திருட்டு இல்லை, அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று காதோடு சொன்னேன். வலையை விரி என்றார்.

விரித்தேன். அங்கேதான் வேடிக்கை. இரண்டு மூலையில் வலை எட்டவில்லை. மற்ற இரண்டு மூலையில் கயிற்றுக்கு வெளியே வழிந்து தொங்கியது. மழையில் நனைந்து வலை சுருங்கியிருக்கும் என்று செயலாளர் உடனே தீர்ப்புச் சொன்னார்.

"சுருங்கின சட்டை ஒரு கை மட்டும் நீளமா ஆகுமா?" என்று அண்ணி கேட்டார். "வலை சுருங்கினா நாலு மூலையிலும் எட்டாம போகணும். இது ரெண்டுல மிச்சமா இருக்கே."

செயலாளரின் சிரிப்பில் ஒரு மடிப்பு விழுந்தது. அண்ணி விடவில்லை. மொட்டைமாடியிலிருந்து ஒருமுறை பார்க்கலாமா என்றார். சாவி தொலைந்துவிட்டதாம். மற்ற ஜன்னல்களிலிருந்து பார்க்கலாமே என்று நிமிர்ந்தேன். பின்பக்கம் முழுக்கக் குளியலறை ஜன்னல்கள். அங்கே நின்று யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. வரிசையின் இடது கடைசியில் பூந்தொட்டிகளை முக்கோணமாக அடுக்கி வைத்தது யார் என்று அண்ணி கேட்டார். தான்தான், அழகுக்காக, என்றார் செயலாளர். வலது கடைசியில் இருந்த குப்பைக் குழி எங்கே என்று தையல்காரம்மா கேட்டதற்கு, நாற்றம் அடித்ததால் மூடிவிட்டேன் என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்கு நாற்காலி போட வேண்டும் என்று போய்விட்டார்.

அதற்குள் சம்பந்தி வந்தார். மருந்துக்கடைக்காரர். கையைக் கட்டிக்கொண்டு தன் தோட்டத்துக்குள் நின்றபடி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கும் தையல்காரம்மாவை விட்டுவிட்டு என்னிடம் பேசினார். தான் பிறந்ததிலிருந்து யாருடைய மண்ணையும் செருப்பில்கூட ஒட்டிக்கொண்டு போனதில்லை என்று அந்த அம்மாவிடம் சொல்லச் சொன்னார். அந்தக் கம்பு தானாக நடந்து வந்ததா என்று கேட்கச் சொன்னார் அம்மா. ஒரு கைநீளத் தூரத்தில் நின்ற இருவருக்கும் நான் தபால்காரன் ஆனேன். பள்ளிக்கூடத்தில் இணைகோடுகள் எவ்வளவு தூரம் போனாலும் சந்திக்காது என்று சொல்லிக் கொடுத்தபோது நான் நம்பவில்லை. அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

"அம்மா, கொஞ்சம் நூல் குடுங்க" என்றார் அண்ணி.

தையல்காரம்மா இடுப்பிலிருந்து நூல் கட்டையை எடுத்தார். முன்பக்க இடது கம்பில் ஒரு நுனியை என்னைப் பிடிக்கச் சொல்லி, அண்ணி நூலைக் குறுக்கே இழுத்துக்கொண்டு பின்பக்க வலது கம்புவரை போய், அங்கே அறுத்தார். பிறகு அதே நூலை மற்ற இரண்டு மூலைகளுக்குக் குறுக்கே பிடித்தோம். எட்டவில்லை. கொஞ்சமாக அல்ல, அண்ணி கையை நீட்டியும் கம்பைத் தொட முடியவில்லை.

அதே வேலையை மருந்துக்கடைக்காரரின் தோட்டத்தில் செய்தோம். அங்கேயும் எட்டவில்லை. அதற்கு அடுத்த தோட்டத்தில், அதற்கும் அடுத்ததில். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, அதே அளவு குறைந்தது.

"தம்பி, உன் தீப்பெட்டியைக் குடு" என்றார் அண்ணி.

என்னிடம் தீப்பெட்டி ஏது என்றேன். சிகரெட்டை விட்டுவிட்டதாக அண்ணனிடம் சத்தியம் செய்திருக்கிறேன். அண்ணி கையை நீட்டியபடியே நின்றார். இடது காலுறை என்றார். குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

உள்தட்டை உருவி என் கையில் வைத்தார். காலி மேல்கூட்டை விரல்களுக்கு நடுவே பிடித்து ஒரு பக்கமாக மெதுவாக அழுத்தினார். பெட்டி சாய்ந்தது.

"நாலு பக்கமும் இருக்கு. ஒண்ணும் குறையல. சுத்தி அளந்தா அதே சுற்றளவுதான். எதிர் எதிர் பக்கம் இன்னும் இணைகோடுதான். இப்ப தட்டை உள்ள போடு."

போகவில்லை. இடித்தது. இன்னும் அழுத்தினார், நடுவே இருந்த இடம் ஒடுங்கி, கடைசியில் மேல்கூடு தட்டையாக ஒட்டிக்கொண்டது. தீப்பெட்டியில் பக்கம் எதுவும் குறையவில்லை, உள்ளே ஒரு குச்சி வைக்க இடமில்லை.

"சதுரத்துக்கு நாலு பக்கம் சமமா இருந்தா மட்டும் போதாது. பக்கம் பக்கத்துக்குச் செங்குத்தா நிக்கணும். இங்க கயிறு எல்லாம் சரி, நிக்கற விதம்தான் சரியில்ல. இந்த வரிசை முழுக்க வலது பக்கமா சாய்ஞ்சிருக்கு. இடது கடைசியில மிஞ்சின முக்கோணத்தை மறைக்கத்தான் பூந்தொட்டி, வலது கடைசியில இடம் வேணும்னுதான் குப்பைக் குழியை மூடினது. எல்லாம் ஒண்ணா சாய்ஞ்சதால யார் கண்ணுக்கும் படல. பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்தா உங்க தோட்டம் நேரா இருக்கற மாதிரிதான் தெரியும்."

மருந்துக்கடைக்காரர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். அப்படியென்றால் தன் நிலமும் போயிருக்கிறதா என்று நேராக அண்ணியிடமே கேட்டார். போயிருக்கிறது, எல்லாருக்கும் ஒரே அளவு போயிருக்கிறது என்றார் அண்ணி. பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, எனக்கு மிகவும் பிடித்த அந்தச் சிரிப்போடு ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, இடது பக்கம் உங்களுக்கு ஒரு மூலை போச்சு. வலது பக்கம் ஒரு மூலை கூடியிருக்கே. அதை ஏன் என்கிட்ட சொல்லல?"

தையல்காரம்மா நூல் கட்டையைச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"சார், உங்களுக்கும் ஒரு மூலை கூடினது தெரியும் இல்ல?"

மருந்துக்கடைக்காரர் மதில் சுவரை ஆராய்ந்தார். கூடினது தெரியும், அதனால்தான் சத்தம் போடாமல் இருந்துவிட்டேன் என்று கடைசியில் சுவரைப் பார்த்தே ஒப்புக்கொண்டார். வரிசை முழுக்க அதுதான் நடந்திருக்கிறது. ஒவ்வொருவரும் வலது மூலையில் தனக்குக் கிடைத்ததை நினைத்து வாயை மூடிக்கொண்டு, இடது மூலையில் போனதற்கு அது சரியாகப் போயிற்று என்று இருந்துவிட்டார்கள். முன்பக்கம் முழுக்கப் பின்வாங்கிப் போனதை ஒருவரும் பார்க்கவில்லை. இந்தத் திருட்டுக்கு இருட்டோ முகமூடியோ தேவைப்படவில்லை, ஆளுக்கு ஒரு மூலை லஞ்சம் போதுமானதாக இருந்திருக்கிறது.

அப்படியென்றால் குறைந்த நிலம் எங்கே போயிற்று என்று கேட்டேன். மண் எங்கேயும் ஓடாது என்றார் அண்ணி. நான் அதன்மேல்தான் நின்றுகொண்டிருக்கிறேனாம். நடைபாதையைக் குனிந்து பார்த்தேன். ஓரத்தில் இரண்டு அடி அகலத்துக்கு மண் நிறம் வேறாக இருந்தது. புதிதாகச் சரளைக்கல் போட்டிருந்தது. இருவர் எதிரே வந்தால் ஒதுங்க முடியாத பாதையில் காலையில் நாங்கள் மூன்று பேர் கைவீசி நடந்து வந்தது அப்போதுதான் உறைத்தது.

அண்ணி கொட்டகையைக் கண்ணால் காட்டினார். பின்பக்கம் போய், ஒரு வாளியைக் கவிழ்த்து ஏறி, தகரத்துக்குக் கீழே இருந்த இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். திரும்பி வந்து அண்ணி காதில் சொன்னேன். மீதி ஆரஞ்சைப் பையிலிருந்து எடுத்துச் சாப்பிட்டு முடித்துவிட்டு, கூட்டத்துக்குப் போகலாம் என்றார்.

கூட்டம் நடைபாதையிலேயே நடந்தது. நாற்காலி போட இடம் தாராளமாக இருந்தது. மகள் தன் கணவனோடு பின்வரிசையில் நின்றாள், அம்மாவைப் பார்க்கவில்லை. செயலாளர் பலகையைச் சுட்டிக்காட்டி, கயிறு குறையவில்லை, முடிச்சு நகரவில்லை, ஒரு பெரிய மனிதரை எல்லார் முன்னாலும் திருடன் என்று சொல்லியாகிவிட்டது, இனி அம்மா முடிவு சொல்லட்டும் என்றார். தையல்காரம்மா எழுந்தார்.

"சம்பந்தி, நான் உங்களைத் திருடன்னு சொன்னது தப்பு. மன்னிச்சுக்குங்க. நீங்க எடுக்கல" என்றார். பின்வரிசையைப் பார்த்து, "ஆனா நிலம் குறைஞ்சது உண்மை. அம்மா பொய் சொல்லலடி" என்றார்.

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். செயலாளர் நல்லது, கூட்டம் முடிந்தது என்று எழுந்தார். அண்ணி கையை உயர்த்தி, முடிவதற்கு முன் ஒரு சின்ன உதவி, சாமான் அறையிலிருந்து ஒரு மண்வெட்டி வேண்டும் என்று கேட்டார். மண்வெட்டி கூர் மழுங்கிவிட்டது என்றார் செயலாளர். பரவாயில்லை என்றார் அண்ணி. சாவி தொலைந்துவிட்டது என்றார் செயலாளர். இந்தக் கட்டடத்தில் சாவிகள் படும் பாட்டைப் பற்றி நான் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களின் கண் செயலாளரின் சட்டைப் பையில் தொங்கிய சாவிக்கொத்துக்குப் போனது. மருந்துக்கடைக்காரர் அதை எடுத்து, தானே போய்க் கதவைத் திறந்தார்.

உள்ளே மண்வெட்டி இல்லை. வெள்ளித் துணி போர்த்திய ஒரு பெரிய உருவம் இருந்தது. துணியை விலக்கினோம். கண்ணாடி ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத புத்தம்புதுச் சின்னக் கார்.

அந்தக் கட்டடத்தில் வண்டி நிறுத்த நிழல் கிடையாது. கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் தெருவில், வெயிலில், காக்கை எச்சத்துக்குக் கீழே நிறுத்துகிறார்கள். பழைய பாதையில் கார் வராது. இரண்டு அடி கூடினால் வரும். அண்ணி தீப்பெட்டியைக் காட்டி விளக்கி முடித்தபோது, ஒவ்வொருவராகத் தங்கள் வலது மூலையை நினைத்து முகத்தைத் தொங்கப் போட்டார்கள். கோபம் வர ஒரு நிமிடம் ஆனது, வந்தபிறகு நன்றாகவே வந்தது.

செயலாளர் கடைசியாக ஒருமுறை முயற்சி செய்தார். கயிற்றை யாராவது அளந்து பார்க்கட்டும், ஒரு விரல்கடை குறைந்திருந்தாலும் தண்டனையை ஏற்கிறேன், கயிறு பொய் சொல்லாது என்றார்.

"சொல்லலைங்க. கயிறு உண்மையைத்தான் சொல்லுச்சு. நீங்கதான் அதுகிட்ட சுற்றளவை மட்டும் கேட்டுட்டு வாயை அடைச்சுட்டீங்க" என்றார் அண்ணி.

விதை போடாததால் வேலை சுலபமாக இருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே ஆளுக்கு ஒரு கம்பாகப் பிடுங்கி, இரண்டு குறுக்கு நூலும் சமமாகும்வரை நகர்த்தி நட்டார்கள். தையல்காரம்மாவின் மகள் நூல் பிடித்தாள். அம்மா நுனியை அறுத்துக் கொடுக்க, வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, ராத்திரி சாப்பிட வந்துவிடு என்று நூலைப் பார்த்துச் சொன்னாள். வலையை விரித்தோம். நாலு மூலையிலும் அச்சாக உட்கார்ந்தது. நடைபாதை பழையபடி ஒடுங்கியது.

அப்போதுதான் செயலாளர் ஓடிவந்தார். கார் உள்ளே இருக்கிறதே, எப்படி வெளியே எடுப்பது என்றார். அண்ணி பலகையைப் படித்துக் காட்டினார். கயிறு குறையக் கூடாது, முடிச்சு நகரக் கூடாது. அடுத்த வருடம் உழுவதற்குக் கம்பு பிடுங்கும்போது தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், அதுவரை நிழலில்தானே இருக்கிறது என்றார்.

நாங்கள் கிளம்பினோம். தீப்பெட்டியைத் திருப்பித் தருவார் என்று கையை நீட்டினேன். அது வழக்கின் சாட்சிப் பொருள், வீட்டில் அண்ணனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பைக்குள் போட்டுக்கொண்டார். புலம்பிக்கொண்டே நடந்தவன் பாதி வழியில் நின்றேன். எனக்கு முன்னால் தையல்காரம்மா பூவாளியோடு நின்றார். அவருக்கு எதிரே மருந்துக்கடைக்காரர், அவர் கையிலும் நிறைந்த பூவாளி. இருவரும் முறைத்துக்கொண்டார்கள். நடுவில் போக வழி இல்லை.

"நீங்க போங்க சம்பந்தி" என்றார் மருந்துக்கடைக்காரர், ஓர் அடி பின்னால் வைத்து.

"பரவாயில்ல, நீங்க போங்க" என்று தையல்காரம்மாவும் ஓர் அடி பின்னால் வந்து என் காலை மிதித்தார்.

நீங்கள், நீங்கள் என்று இருவரும் பின்னால் போய்க்கொண்டே இருந்தார்கள். அம்மாவின் பூவாளித் தண்ணீர் முழுக்க என் கால்சட்டையில் கொட்டியது. அந்தப் பக்கம் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், இந்தப் பக்கம் அண்ணி. கடைசியில் யாரும் போகாமல், அந்தக் குறுகல் பாதையிலேயே நின்று இந்த வருடம் என்ன விதைப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் சுவர் ஏறிக் குதித்துத்தான் வெளியே வந்தேன்.